லெக்சரருக்கு யாரு பாடம் நடத்த சொல்லிக் குடுக்கறது?

கேள்வி: குளிம்லேருந்து ஒரு அப்பா, 13 அக்டோபர் 2024

என் மக எஸ்.டி.பி.எம். (யுனிவர்சிட்டிக்கு முந்தின பரீட்சை) நல்லா எடுத்து இந்த வருசம்தான் கோலாலம்பூர்ல யுனிவர்சிட்டி சேந்திருக்கா. முதல் வாரம் முடிஞ்சதும் போன் பண்ணி அழுவுறா. லெக்சரர் ஸ்லைட அப்டியே படிக்கிறாராம், ஒரு கிளாஸ்ல 70 ஸ்லைடாம், கேள்வி இருக்கான்னு கேட்ட கையோட அடுத்ததுக்குப் போயிர்றாராம். தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்குக் கூட பயிற்சி இருக்கு, யுனிவர்சிட்டியில பாடம் நடத்தறவங்களுக்கு ஒன்னுமே கிடையாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

14 அக்டோபர் 2024, ராத்திரி

அண்ணே, உங்க கேள்விய படிச்சிட்டு தூக்கம் வரல, அதான் இப்பவே எழுதறேன். நான் பினாங்குல ஒரு யுனிவர்சிட்டியில இந்த வேலைதான் பாக்கறேன், லெக்சரருங்களுக்குப் பாடம் நடத்தறதுல ஒத்தாசை பண்றது. 11 வருசமாச்சு. அதுக்கு முன்னால 16 வருசம் நானே லெக்சரரா இருந்தேன்.

ஒன்னுமே கிடையாதுன்னு சொல்ல முடியாது. உயர்கல்வி அமைச்சு 2008லயே அகெப்ட்னு ஒரு அகாடமி ஆரம்பிச்சிச்சு, பெரும்பாலான யுனிவர்சிட்டியில எங்கள மாதிரி ஒரு பிரிவு இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு சில நாள் கோர்ஸ் வைப்போம். அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே ஒரு மையம் 1962லயே வந்திருச்சு. ஆனா நீங்க கேட்டது சரியான கேள்வி. தமிழ்ப்பள்ளி ஆசிரியரா வரணும்னா ஆசிரியர் பயிற்சிக் கழகத்துல 4 வருச டிகிரி, நடுவுல பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டு, நீங்க பாடம் நடத்தறத ஒருத்தர் பின்னால உக்காந்து பாத்து திருத்துவாரு. லெக்சரருக்கு பி.எச்.டி. இருந்தா போதும். பி.எச்.டி.ன்னா ஒரே ஒரு சின்ன விசயத்த வருசக்கணக்கா தோண்டிக்கிட்டே இருக்கறது, அத முடிச்சிட்டு வந்தவங்கள அடுத்த செமஸ்டர்லயே 200 பிள்ளைங்க முன்னால மைக்கக் குடுத்து நிறுத்திர்றோம். நானும் அப்டித்தான் நின்னேன். என் கிளாஸ யாரும் ஒரு நாள் வந்து உக்காந்து பாத்ததில்ல, 16 வருசத்துல ஒரு நாள் கூட.

சில நாள் கோர்ஸ் பத்துமான்னு கேட்டா பத்தாது. அந்த கோர்ஸ நடத்தறவங்கள்ல நானும் ஒருத்தி, அதனால தெரிஞ்சுதான் சொல்றேன்.

15 அக்டோபர் 2024

70 ஸ்லைடு ஏன்னு இன்னிக்கு பூரா யோசிச்சிக்கிட்டே இருந்தேன். அது பெரும்பாலும் பயம் அண்ணே. கோர்ஸ் அவுட்லைன்ல 14 வாரத்துக்கு என்னென்னா நடத்தணும்னு எழுதி, அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் வாங்கறதுக்காக ஃபைல்ல வச்சிருக்கும். ஒரு தலைப்ப விட்டுட்டா யாராச்சும் கேப்பாங்களோ, பரீட்சையில அதுலேருந்து கேள்வி வந்து பிள்ளைங்க மாட்டிக்குவாங்களோன்னு எல்லாத்தையும் ஸ்லைடுல ஏத்திர்றாங்க. ஸ்லைடுல போட்டாச்சுன்னா நடத்தியாச்சுன்னு மனசுக்கு ஒரு நிம்மதி.

18 அக்டோபர் 2024

மேல ஒருத்தர் "லெக்சரருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை போடறதுலதான் அக்கறை, பிள்ளைங்க மேல இல்ல"ன்னு எழுதியிருக்காரு. நானும் ஒரு காலத்துல அப்டித்தான் பேசிக்கிட்டிருந்தேன். 2006ல மலாயா, யு.எஸ்.எம்., யு.கே.எம்., யு.பி.எம். நாலுக்கும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்னு தகுதி குடுத்தாங்க, அதுலேருந்து எல்லா இடத்துலயும் கட்டுரை, கிராண்ட் (ஆராய்ச்சிக்குக் கிடைக்கற பணம்), சைட்டேஷன் (நம்ம கட்டுரைய மத்தவங்க மேற்கோள் காட்டறது)னு எண்ணிக்கைதான் பேச்சு. பதவி உயர்வு ஃபாரத்துல கட்டுரைக்கு தனித்தனியா கட்டம் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒக்காந்து ஒரு மணி நேரம் புரிய வச்சத எழுத எங்க கட்டம் இருக்கு?

ஆனா இந்த 11 வருசத்துல நான் கூட உக்காந்து பேசின லெக்சரருங்கள்ல, அக்கறையே இல்லன்னு சொல்லக் கூடியவங்கள என் ஒரு கை விரல்ல எண்ணிரலாம். மத்தவங்க எல்லாருக்கும் ஒரே பிரச்சன. தான் நடத்தறது பிள்ளைங்களுக்குப் போய் சேருதா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியல, தெரிஞ்சிக்க வழியும் இல்ல. செமஸ்டர் முடிஞ்சப்புறம் ஆன்லைன்ல ஒரு மதிப்பீடு வரும், 5க்கு 3.9ன்னு. அத வச்சி என்னா செய்ய? அந்தப் பிள்ளைங்கதான் போயிட்டாங்களே.

அதனால நான் சொல்றது எப்பவும் ஒன்னுதான். நாலாவது வாரத்துலயே பிள்ளைங்ககிட்ட கேளுங்க, அஞ்சாவது வாரத்துல ஒரு விசயத்தையாச்சும் மாத்துங்க. மீதி எல்லாம் அப்புறம்.

21 அக்டோபர் 2024

இந்த செமஸ்டர் ஒரு லெக்சரர் கூட வேலை செஞ்சிக்கிட்டிருக்கேன் (பி.எச்.டி. முடிச்சவங்க, அதனால டாக்டர்னுதான் கூப்டுவோம்), முதல் வருச ஸ்டாட்டிஸ்டிக்ஸ், 64 பேரு. கூப்ட்டது அவங்கதான், நானா போகல. மலாய்க்காரங்க, ரொம்ப அமைதியான ஆளு. இங்க எழுதறதுக்கு அவங்ககிட்ட கேட்டுட்டேன், "யாருன்னு தெரியாம எழுதுங்க கக்"ன்னு சொன்னாங்க (கக்னா மலாய்ல அக்கா).

முதல்ல ஆபீஸ்ல பேசறதில்ல நான். குளுகோர்ல ஒரு மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் (ஆத்தின பால் டீ) வாங்கிக் குடுத்து, "உங்க கிளாஸ்ல எது உங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு?"ன்னு மட்டும் கேப்பேன். ஆபீஸ்ல கேட்டா ஏதோ விசாரணைக்கு வந்த மாதிரி நிமிந்து உக்காந்துக்குவாங்க. அவங்க சொன்னாங்க, "பிள்ளைங்க வாயே தொறக்க மாட்டேங்கறாங்க, கேள்வி கேட்டா கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க, என்னைப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்."

இன்னிக்கு காலையில கடைசி வரிசையில உக்காந்து பாத்தேன். என் நோட்டுல நேரம் போட்டு எழுதிக்குவேன், யாரு பேசறா, எவ்ளோ நேரம், பிள்ளைங்க என்னா செய்றாங்க. 9:12க்கு "சரி, இதுல ஏதும் சந்தேகம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. என் கைக்கடிகாரத்துல பாத்தேன். ஒரு விநாடி. ஒரே ஒரு விநாடிதான், "இல்லையா, சரி"ன்னு அடுத்த ஸ்லைடு. அந்த ஒரு விநாடியில மூணாவது வரிசையில ஒரு பொண்ணு பேனாவ மேசையில வச்சிட்டு மூச்ச இழுத்தா, நான் பாத்தேன், கேக்கப் போறா. ஸ்லைடு மாறினதும் பேனாவ எடுத்துக்கிட்டா.

அத அப்டியே டாக்டர்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "யாரு அந்தப் பொண்ணு?"ன்னு கேட்டாங்க.

22 அக்டோபர் 2024

நேத்து சொல்ல விட்டுப்போச்சு. இது அந்த டாக்டருக்கு மட்டும் உள்ள பழக்கம்னு நெனச்சிராதீங்க. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க அம்மா 1970கள்ல பள்ளிக்கூட கிளாஸ டேப்ல பதிஞ்சு கேட்டுப் பாத்தாங்க. ஆசிரியருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு விநாடிதான் காத்திருக்காங்க. அத 3 விநாடி ஆக்கினா பிள்ளைங்க பதில் நீளமாவுது, பேசாத பிள்ளைங்களும் பேசுதுங்க. வெறும் 3 விநாடி!

ஆனா முன்னால நிக்கறவங்களுக்கு அந்த 3 விநாடி மூணு நிமிசம் மாதிரி இருக்கும். அதனால டாக்டர்கிட்ட சொன்னேன், கேள்வி கேட்ட உடனே தண்ணி பாட்டில எடுங்க, மூடிய தொறங்க, ஒரு வாய் குடிங்க, மூடுங்க. அதுக்குள்ள 6 விநாடி போயிரும், வாயும் பேச முடியாது. "சந்தேகம் இருக்கா"ங்கிற கேள்வியையும் விட்டுருங்க, சந்தேகம் இருக்குன்னு சொல்றது தனக்குப் புரியலன்னு 63 பேரு முன்னால ஒத்துக்கறது மாதிரி, யாரு சொல்வா. "இதுல எந்த எடம் குழப்பமா இருக்கு?"ன்னு கேளுங்க.

28 அக்டோபர் 2024

இது நாலாவது வாரம், சீட்டுப் போடற வாரம். ஆனா வியாழக்கிழமை தீபாவளி, பாதிப் பிள்ளைங்க ஊருக்குக் கெளம்பிட்டாங்க, அதனால அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டோம். எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து. வீட்ல முறுக்கு சுட்டு எண்ணெய் வாசத்தோட உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழைய பொறுத்துக்குங்க.

சீட்டுன்னா என்னான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. ஏ4 பேப்பர நாலா வெட்டி ஆளுக்கு ஒன்னு. பேர் எழுதக் கூடாது. கடைசி 5 நிமிசத்துல மூணு கேள்வி: இந்தக் கிளாஸ்ல நீ படிக்கிறதுக்கு எது உதவுது, எது தடையா இருக்கு, இப்ப எந்த விசயம் புரியாம இருக்கு. எந்த மொழியில வேணும்னாலும் எழுதலாம், மலாய், இங்கிலீஷ், தமிழ், சீனம். எந்த மொழியிலயும்ங்கிற அந்த வரியச் சேத்தது பின்னாலதான், அதுவரைக்கும் எத்தன பேரு எழுதாம போனாங்களோ.

இன்னொரு வழியும் இருக்கு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச முறை. லெக்சரர் 20 நிமிசம் முன்னாலயே வெளிய போயிருவாங்க, நான் உள்ள போய் பிள்ளைங்கள சின்னச் சின்ன குழுவா பேச விட்டு, எல்லாரும் ஒத்துக்கற விசயத்த மட்டும் எழுதி லெக்சரர்கிட்ட குடுப்பேன். ஒருத்தருக்கு மட்டும் உள்ள கோவம் அதுல தங்காது. ஆனா அதுக்கு என்னை மாதிரி ஒரு ஆளு வேணும். சீட்டுக்கு கத்திரிக்கோல் போதும்.

6 நவம்பர் 2024

சீட்டு வந்தாச்சு, 58. டாக்டரும் நானும் அதே மாமாக் கடையில மேசை மேல பரப்பி வச்சி படிச்சோம், கண்ணாடி கிளாஸ மேல வச்சி காத்துல பறக்காம.

முதல்ல நல்லதப் படிக்கச் சொல்வேன். லெக்சரருங்க குறைய மட்டும்தான் தேடிப் படிப்பாங்க, 57 பேரு நல்லா எழுதி ஒருத்தன் ‘போர்’னு எழுதினா அந்த ஒன்ன வீட்டுக்கு எடுத்துக்கிட்டு போயி ராத்திரி பூரா நெனச்சிக்கிட்டு இருப்பாங்க. "டாக்டர் கோவப்பட மாட்டாங்க"ன்னு 9 பேரு எழுதியிருந்தாங்க. அத அவங்க ரெண்டு தடவ படிச்சாங்க.

அப்புறம் குவியல் குவியலா பிரிச்சோம். "ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் ஸ்டாண்டர்ட் எர்ரரும் ஒன்னா?"ன்னு ஒரு சீட்டு. அப்புறம் இன்னொன்னு. பிரிச்சு முடிக்கறப்ப அதே கேள்வி 23 சீட்டுல. டாக்டர் "அதுக்கு நான் நாலு ஸ்லைடு போட்டேனே"ன்னாங்க. தன்னப் பாத்துக் கேக்கற மாதிரி ஒரு குரல்ல. நான் ஒன்னும் சொல்லல. 23 சீட்டு அவங்க கையிலயே இருந்திச்சு.

ஒரு சீட்டு தமிழ்ல. அத நான்தான் படிச்சு மலாய்ல சொன்னேன். "கிளாஸ்ல இருக்கப்ப எல்லாம் புரியுது. ரூமுக்குப் போயி தனியா செஞ்சா ஒன்னும் வரல. எனக்குத்தான் மூளை இல்லையான்னு தெரியல."

9 நவம்பர் 2024

அந்தத் தமிழ்ச் சீட்டு மனச விட்டுப் போவல, அதப்பத்தி எழுதிர்றேன்.

முதல்ல ஒரு திருத்தம். இன்னொரு இழையில நான் "3 கிரெடிட்னா வாரத்துக்கு 3 மணி நேரம், அவ்ளோதான்"னு எழுதியிருந்தேன், தப்பு. நம்ம நாட்டு தகுதிக் கட்டமைப்புல ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம் கணக்கு, அதாவது பிள்ளை படிக்க ஆகற மொத்த நேரம். 3 கிரெடிட்டுக்கு 120 மணி. 14 வாரம், வாரத்துக்கு 3 மணின்னு வச்சா கிளாஸ்ல இருக்கறது 42தான். மீதி 78 மணி நேரம் பிள்ளை தனியா உக்காந்து படிக்கறது, அசைன்மென்ட் செய்யறது, பரீட்சைக்குத் தயார் பண்றது. கிளாஸ்ல இருக்கற நேரத்தப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! அந்த 78 மணி நேரத்துல என்னா செய்யணும்னு அந்தப் பிள்ளைக்கு யாரு சொன்னா? நோட்ஸ மறுபடி மறுபடி படிக்குது. படிக்கப் படிக்க கண்ணுக்குப் பழகிருது, தெரிஞ்ச மாதிரி இருக்கு. பேப்பர எடுத்தா கை நிக்குது.

ரோடிகர், கார்பிக்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளருங்க 2006ல இத சோதிச்சாங்க. ஒரு பத்திய சில பேரு திரும்பத் திரும்பப் படிச்சாங்க, சில பேரு மூடி வச்சிட்டு ஞாபகத்துலேருந்து எழுதிப் பாத்தாங்க. 5 நிமிசம் கழிச்சு கேட்டா திரும்பப் படிச்சவங்கதான் முன்னால. ஒரு வாரம் கழிச்சு கேட்டா எழுதிப் பாத்தவங்க முன்னால. தனியா செஞ்சா வரலங்கிற இந்தப் பிள்ளைக்கு மூளை இல்லாம இல்ல, எப்டி படிக்கணும்னு யாரும் காட்டல, அவ்ளோதான்.

டாக்டர் இப்ப ஒவ்வொரு கிளாஸ் ஆரம்பத்துலயும் 4 நிமிசம் குடுக்கறாங்க. நோட்ட மூடுங்க, போன வாரம் என்னா நடத்தினோம்னு ஞாபகத்துலேருந்து எழுதுங்க. மார்க் கிடையாது. அப்புறம் நோட்டத் தொறந்து விட்டுப்போனத சிவப்பு பேனாவுல எழுதணும். "சிவப்பு எங்க இருக்கோ அதத்தான் ரூமுல படிக்கணும்"னு சொல்லிட்டாங்க.

14 நவம்பர் 2024

கச்சாங் பூத்தே (நம்ம ஆளுங்க விக்கற கடலை, பருப்பு நொறுக்குத்தீனி) கதைய சொல்லியே ஆகணும்!

அந்த 23 சீட்டுக்கு என்னா செய்யறதுன்னு பேசிக்கிட்டிருக்கப்ப, ஸ்லைட அஞ்சாக்கறதான்னு டாக்டர் கேட்டாங்க. நான் சொன்னேன், ஸ்லைடே வேணாம், கையில எதையாச்சும் குடுத்து எண்ண விடுவோம். மறுநாள் கச்சாங் பூத்தே விக்கற நம்ம அண்ணன்கிட்ட சின்னப் பொட்டலமா வேர்க்கடலை மட்டும் 70 கட்டச் சொல்லி வாங்கிட்டு வந்திட்டாங்க. அவரு நிறுத்துக் கட்டல, கை அளவுதான்.

அன்னிக்கு வந்தது 60 பேரு. ஆளுக்கு ஒரு பொட்டலம், உள்ள எத்தன கடலைன்னு எண்ணி போர்டுல எழுதணும். ரெண்டு பசங்க எண்றதுக்கு முன்னாலயே பாதிய தின்னுட்டானுங்க, டாக்டர் சிரிச்சிட்டு "இதுக்குப் பேருதான் டேட்டா காணாமப் போறது"ன்னு புதுப் பொட்டலம் குடுத்தாங்க. எண்ணிக்கை 31லேருந்து 58 வரைக்கும் சிதறி இருந்திச்சு. இதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சொல்ற விசயம், ஒவ்வொரு பொட்டலமும் எவ்ளோ முன்ன பின்ன இருக்குங்கறது. அப்புறம் அஞ்சு அஞ்சு பேரா சேந்து குழுவோட சராசரிய கண்டுபிடிச்சு பக்கத்துல எழுதச் சொன்னாங்க. 12 சராசரி. எல்லாம் 40க்கும் 48க்கும் நடுவுல.

போர்டுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஒன்னு அகலமா, ஒன்னு ஒடுக்கமா. டாக்டர் "ரெண்டாவது ஏன் ஒடுங்கிருச்சு?"ன்னு கேட்டுட்டு பாட்டில எடுத்தாங்க. தொறந்தாங்க. குடிச்சாங்க. மூடறதுக்குள்ள மூணாவது வரிசைப் பொண்ணு சொன்னா, "பெரிய பொட்டலமும் சின்னப் பொட்டலமும் ஒரே குழுவுல வந்தா ஒன்ன ஒன்னு சரிக்கட்டிருது டாக்டர்." அந்த சராசரிங்க எவ்ளோ சிதறுதுங்கறதுதான் ஸ்டாண்டர்ட் எர்ரர். அஞ்சு பேருக்குப் பதிலா இருபது பேரு சேந்தா இன்னும் ஒடுங்கும்னு பின்னாலேருந்து ஒரு பையன் கத்தினான்.

எனக்கு கண்ணு கலங்கிருச்சு. நோட்டுல நேரம் போட மறந்துட்டேன்.

15 நவம்பர் 2024

"60 பேருக்கு கடலை வாங்கலாம், 180 பேருக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நியாயமான கேள்வி. பெரிய ஹால்ல தண்ணி பாட்டில் வேலை செய்யாது, நான் இன்னொரு லெக்சரருக்கு அத சொல்லிக் குடுத்து ஆறு விநாடியும் முழு ஹாலும் அமைதியா இருந்திச்சு, பாவம் அவரு ரொம்ப சங்கடப்பட்டுட்டாரு. அத நான் முன்னாலயே யோசிச்சிருக்கணும். 180 பேரு முன்னால தனியா வாயத் தொறக்கறது பெரிய விசயம். அங்க ஹார்வர்ட்ல எரிக் மசூர்ங்கிற இயற்பியல் பேராசிரியர் செஞ்ச வழிதான் நல்லது: நாலு விடையோட ஒரு கேள்வி போடு, தனியா யோசிச்சு கைய தூக்கட்டும், அப்புறம் பக்கத்து ஆளுகிட்ட ரெண்டு நிமிசம் வாதாடட்டும், மறுபடி கைய தூக்கட்டும். அப்புறமா பேசு. பக்கத்து ஆளுகிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்தவனுக்கு ஹால்ல சொல்ல தைரியம் வந்திரும்.

இதெல்லாம் விளையாட்டுன்னு நெனக்கறவங்களுக்கு: 2014ல அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புங்களப் பத்தின 225 ஆய்வ ஒன்னா சேத்து பாத்தாங்க. லெக்சர் மட்டும் கேக்கற வகுப்புல ஃபெயில் ஆனவங்க சராசரியா 34 சதவீதம் கிட்ட, பிள்ளைங்க ஏதாச்சும் செய்யற வகுப்புல 22 கிட்ட.

25 நவம்பர் 2024

இந்த வாரம் செமஸ்டர் லீவு. இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன்.

நான் லெக்சரரா சேந்த ரெண்டாவது வருசம், வேற ஒரு இடத்துல, என் கிளாஸ்ல ஒரு பையன். தோட்டத்துப் பிள்ளை, நம்ம பிள்ளை. முதல் அஞ்சு வாரம் முன் வரிசையில உக்காருவான். ஆறாவது வாரத்துலேருந்து காணோம். வருகைத் தாள்ல நான் ஒவ்வொரு வாரமும் அவன் பேருக்கு நேரா வட்டம் போட்டுக்கிட்டே வந்தேன். எட்டு வட்டம். மூணு வட்டம் ஆனதும் எச்சரிக்கைக் கடிதம் போகணும்னு விதி, போச்சு, நான்தான் கையெழுத்துப் போட்டேன். பரீட்சைக்கு உக்கார முடியாதுன்னு ஆயிருச்சு. சட்டப்படி எல்லாம் சரியா செஞ்சேன்.

அடுத்த வருசம் அவனோட கூட்டாளி ஒருத்தன் சொன்னான். படிப்புக் கடன் பணம் வந்து சேர தாமதமாயிருச்சு, அப்பா படுத்த படுக்கை, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரியில ராத்திரி ஷிப்ட் போயிருக்கான், காலையில பஸ்ல வந்து தூங்கிருவான், அப்புறம் கிளாஸுக்கு வர வெக்கப்பட்டுக்கிட்டு வராமலே நின்னுட்டான். ஒரு வார்த்த கேட்டிருந்தா மூணு வழி இருந்திச்சு. கோர்ஸ ஒத்திப்போடலாம், மாணவர் பிரிவுல அவசர உதவி கேக்கலாம், டியூட்டோரியல் நேரத்த மாத்தலாம். எனக்கு அந்த மூணு வழியும் தெரியாது, யாரும் சொல்லல, நானும் கேக்கல. வட்டம் போட மட்டும் தெரிஞ்சிச்சு.

அவன் படிப்ப முடிக்கல. இப்ப எங்க இருக்கான்னு தெரியல.

26 நவம்பர் 2024

நேத்து எழுதினதுக்கு நிறைய பேரு ஆறுதல் சொல்லியிருக்கீங்க, நன்றி. என் மேல தப்பில்லன்னு சொல்றவங்களுக்கு: தப்பு இருந்திச்சு. அதனாலதான் இப்ப நான் லெக்சரருங்ககிட்ட ரெண்டாவது வட்டம் விழுந்ததுமே ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்றேன். எச்சரிக்கை மாதிரி இருக்கக் கூடாது. "ரெண்டு கிளாஸா உன்னக் காணோம். உடம்பு நல்லா இருக்கா? புதன்கிழமை 2 மணிக்கு ரூமுல இருப்பேன், வா." அவ்ளோதான். நேரமும் இடமும் கண்டிப்பா சொல்லணும், "எப்ப வேணும்னாலும் வா"ன்னா யாரும் வரமாட்டாங்க.

லெக்சரர் கவுன்சிலர் வேலை பாக்கணும்னு நான் சொல்லல. காது குடுத்துக் கேட்டுட்டு, யாருகிட்ட அனுப்பணும்னு தெரிஞ்சிருந்தா போதும். பண உதவிக்கு எந்தக் கவுண்டர், ஒத்திப்போட எந்தக் கடைசி தேதி, மனசு ரொம்ப ஒடஞ்சிருந்தா யாரு. சுகாதார அமைச்சோட மனநல உதவி போன், ஹீல் லைன் 15555, அத கோர்ஸ் அவுட்லைன் முதல் பக்கத்துலயே போடச் சொல்லிட்டேன். டாக்டர் போட்டுட்டாங்க.

5 டிசம்பர் 2024

ஒரு தம்பி கேட்டிருக்காரு, "நம்ம பிள்ளைங்கள நம்ம லெக்சரருங்கதானே பாக்கணும்?"

முதல்ல ஆமான்னு எழுதி, அழிச்சிட்டு மறுபடி எழுதறேன். நம்ம ஆளு ஒருத்தர் முன்னால நிக்கறதப் பாக்கற பிள்ளைக்கு ஒரு தெம்பு வரும், அது உண்மை, நான் படிச்சப்ப எனக்கு வந்திச்சு. ஆனா எத்தன டிபார்ட்மென்ட்ல நம்ம ஆளே கிடையாது. அங்க இருக்கற பிள்ளைய யாரு பாக்கறது? கச்சாங் பூத்தே வாங்கினவங்க யாருன்னு மேல போய் பாருங்க தம்பி.

2011ல வால்டன், கோஹன்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல ஒரு ஆய்வு போட்டாங்க. முதல் வருச பிள்ளைங்ககிட்ட சீனியருங்க சொன்னதக் காட்டினாங்க: "ஆரம்பத்துல எனக்கும் நான் இந்த எடத்துக்கு லாயக்கில்லன்னுதான் தோணிச்சு, அது எல்லாருக்கும் வரும், போகப் போக சரியாயிரும்." ஒரு மணி நேர வேலைதான். அதுக்கப்புறம் மூணு வருசத்துக்கு கறுப்பின மாணவர்களோட மதிப்பெண் ஏறிக்கிட்டே போச்சு. நம்ம நெலம வேற, அப்டியே ஒட்டாது. ஆனா "எனக்குத்தான் மூளை இல்லையா"ன்னு எழுதின பிள்ளைய நெனச்சுப் பாருங்க. அந்தச் சீட்ட டாக்டர் கிளாஸ்ல மலாய்ல படிச்சுக் காட்டினாங்க, யாருதுன்னு சொல்லாம. "இதே மாதிரி எத்தன பேருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் எண்ணினேன், 41 கை. கை தூக்கினவங்க எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டாங்க.



18 ஜனவரி 2025

14 வாரம் முடிஞ்சிருச்சு. மதிப்பீடும் வந்தாச்சு. டாக்டருக்குப் போன செமஸ்டர் 4.1, இப்ப 3.9. குறைஞ்சிருச்சு.

போன் பண்ணினாங்க, குரலே வரல. "கக், எல்லாம் நல்லாத்தான போச்சு?" எனக்கும் கஷ்டமாத்தான் இருந்திச்சு. நான் சொன்னேன், ஹார்வர்ட்ல 2019ல ஒரு ஆய்வு, பிள்ளைங்க கைய போட்டு செஞ்ச கிளாஸ்ல உண்மையில நிறைய கத்துக்கிட்டாங்க, ஆனா லெக்சர் கேட்ட கிளாஸ்லதான் நிறைய கத்துக்கிட்ட மாதிரி அவங்களுக்குத் தோணிச்சு. சொந்தமா யோசிக்கிறது கஷ்டம், கஷ்டமா இருந்தா புரியலன்னு நெனச்சிக்குவாங்க. 2017ல பல ஆய்வ ஒன்னா சேத்துப் பாத்த வேற ஒரு பெரிய தொகுப்பாய்வு, மதிப்பீட்டு எண்ணுக்கும் பிள்ளைங்க கத்துக்கிட்டதுக்கும் சம்பந்தமே தெரியலன்னு.

அவங்க கேட்டுட்டு, "அத என் டீனுக்கு யாரு சொல்றது?"ன்னாங்க.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அடுத்த நாள் அந்த ரெண்டு ஆய்வையும், 58 சீட்டையும், வகுப்புல நான் எழுதின 9 பக்க நோட்டையும் ஒரு ஃபைலாக்கிக் குடுத்தேன், பதவி உயர்வு ஃபாரத்தோட சேத்து வைக்க. படிப்பாங்களா தெரியல. ஆனா இதையெல்லாம் வைக்க ஒரு கட்டம் வேணும்னு எங்க பிரிவுலேருந்து எழுதிப் போட்டிருக்கோம், நானே கையெழுத்துப் போட்டேன்.

12 பிப்ரவரி 2025

நேத்து தைப்பூசம், தண்ணீர்மலைக்கு நடந்து போயி காலு ரெண்டும் வீங்கிருச்சு. தண்ணீர்ப் பந்தல்ல யுனிவர்சிட்டிப் பிள்ளைங்க மோர் ஊத்திக்கிட்டிருந்தாங்க, ஒரு பொண்ணு என்னைப் பாத்து "கடைசி வரிசை ஆன்ட்டி!"ன்னு கூப்ட்டா. மூணாவது வரிசைப் பொண்ணு. ரெண்டு டம்ளர் குடுத்தா.

குளிம் அண்ணே, நீங்க மேல எழுதினதப் படிச்சேன், ரொம்ப சந்தோசம். உங்க மகளும் ரெண்டு கூட்டாளியும் சேந்து லெக்சரர் ரூமுக்குப் போயிருக்காங்க, அவரு ஸ்லைட குறைக்கல, ஆனா கிளாஸுக்கு முன்னாலயே அனுப்ப ஆரம்பிச்சிட்டாரு. அது போதாதுன்னு நீங்க சொல்றீங்க, போதாதுதான் அண்ணே. ஆனா அவரு கதவத் தொறந்துட்டாரு. மகள மறுபடி போகச் சொல்லுங்க, இந்த தடவ புரியாத ஒரே ஒரு ஸ்லைட மட்டும் கையில எடுத்துக்கிட்டு. "ஒன்னும் புரியல"ன்னு சொன்னா எங்க ஆரம்பிக்கறதுன்னு அவருக்குத் தெரியாது.

16 மார்ச் 2025

நாளைக்கு இந்த செமஸ்டரோட நாலாவது வாரம். டாக்டர் மறுபடி கூப்ட்டிருக்காங்க, இந்த தடவ 72 பேரு. கூட அவங்க டிபார்ட்மென்ட்லேருந்து இன்னொரு லெக்சரரும் வர்றாராம், பின்னால என் பக்கத்துல உக்காந்து பாக்க.

நோன்பு மாசம், தண்ணி பாட்டில் முடியாது. அதுக்குப் பதிலா கேள்வி கேட்டதும் டஸ்டர எடுத்து போர்ட மேலேருந்து கீழ வரைக்கும் மெதுவா அழிக்கப் போறாங்களாம். நேத்து காலி ஹால்ல ஒத்திகை பாத்தோம், 8 விநாடி வருது.

சீட்டு வெட்டியாச்சு, 72. கூட ஒரு பத்து.